பழகிப்போன மாத்திரை

மீனம்மாவுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு காலத்தில் தோட்டத்து வரிசை வீடான லயம் ஒன்று போதாது. மாயாண்டிக் கங்காணியின் கூடப்பிறந்த தங்கச்சி ராக்காயி. ராக்காயியின் மூத்த மகள் அங்கம்மா. அங்கம்மாவின் கடைக்குட்டிதான் மீனம்மா. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் பெரியப்பன் வீடு, சித்தப்பன் வீடு, அத்தை வீடு என்று ஒவ்வொரு வீடாகப் பெட்டி கட்டித் தலைமன்னார் ரயிலேறிக் கப்பலுக்குப் போனது. அண்ணன்மார் இரண்டு பேரும் மாமனோடு போய்க் கோத்தகிரிப் பக்கம் குடியேறிவிட்டார்கள். அங்கம்மாவுக்கு மட்டும் இலங்கையிலேயே இருக்கலாமென்று கடிதம் வந்தது. மடியில் கிடந்த பிள்ளையோடு அவள் நின்றுவிட்டாள். இப்போது அவளும் இல்லை. அக்கரப்பத்தனைக்கு மேலே கூடாரமலைத் தோட்டத்தில், மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தின் கடைசிக் காம்பரா அறையில், அத்தனை பெரிய குடும்பத்தில் இந்தப் பக்கம் மிஞ்சிய ஒரே ஆளாக மீனம்மா இருக்கிறாள். ஐம்பது தாண்டியும் இன்னும் கூடை தூக்கித் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள்.

கட்டிக்கொண்டவர் சின்னராசா, றொசல்லப் பக்கத்து ஆள். மாப்பிள்ளையாக வந்து இங்கேயே பேர் பதிந்தவர். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். ஒரு நாள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். ஒரே மகன் நிரஞ்சன். கொழும்பில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. தீபாவளிக்கு வருவான்; சில வருசம் அதுவும் இல்லை.

ஆனாலும் மீனம்மாவின் கதவை யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். லயத்தில் யாருக்குத் தடிமன் பிடித்தாலும், பல் வலித்தாலும், பிள்ளை இருமினாலும் முதலில் வருவது அவளிடம்தான். ஏனென்றால் அவளிடம் கலர் மாத்திரை இருந்தது.

கலர் மாத்திரை என்றால் ஒரு பாதி ஒரு கலரும் மறு பாதி வேறு கலருமாக, உள்ளே தூள் அடைத்த கூட்டு மாத்திரை. டாக்டர்மார் அன்டிபயோட்டிக் என்பார்கள். தோட்டத்தில் அந்தப் பேர் யார் வாயிலும் நிற்காது. வெள்ளை மாத்திரை சும்மா மாத்திரை. கலர் மாத்திரைதான் கேட்கிற மாத்திரை என்று பேச்சு. மீனம்மா அதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தாள். சிவப்பும் மஞ்சளும் நெஞ்சுச் சளிக்கு. சிவப்பும் கறுப்பும் தொண்டைக்கும் பல்லுக்கும். பச்சை வயிற்றோட்டத்துக்கு. அட்டை கடித்துப் புண்ணானாலோ கத்தி பட்டாலோ எந்தக் கலரானாலும் பரவாயில்லை. கூட்டைத் திருகித் திறந்து, தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிவிடுவாள்.

இது அவளாகப் பிடித்த பைத்தியம் இல்லை. நிரஞ்சன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசம், சளி நெஞ்சில் இறங்கி மூச்சுக்குத் தவித்தான். நுவரெலியா ஆஸ்பத்திரியில் சிவப்பும் மஞ்சளுமாக மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் விடிந்து பார்க்க, பிள்ளை கண் திறந்து ரொட்டி கேட்டான். செத்துப் பிழைத்த பிள்ளை. அந்த மாத்திரையைக் கும்பிட்டாலும் தப்பில்லை என்று இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்து, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை நிறுத்திவிட்டு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு இருமல். டின்னைத் திறந்தாள். அன்றைக்குத் தொடங்கியது.

மகன் பாமசியில் சேர்ந்த பிறகு டின் காலியானதே இல்லை. தேதி முடியப்போகிறதென்று கடையில் ஒதுக்கி வைக்கிற மாத்திரைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது பார்சலாகக் கொடுத்து விடுவான். அவனும் அப்பனைப் போலத்தான். போனில் பேச்சு வராது. "எந்தக் கலரும்மா முடிஞ்சிருக்கு?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அவ்வளவுதான் தாயும் பிள்ளையும் பேசுகிற பேச்சு. ஆனால் பார்சல் வந்தால், அதைச் சுற்றிய நூலைக்கூட மீனம்மா வெட்டமாட்டாள், பொறுமையாக முடிச்சவிழ்ப்பாள். அவன் கை போட்ட முடிச்சல்லவா.

மாத்திரைக்கு வருகிறவர்களும் வாங்கிக்கொண்டு உடனே போய்விட மாட்டார்கள். குந்தி, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை பேசி, மலையில் ஏசி வேலை வாங்குகிற கண்டாக்கையாவைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். அதிலும் நாகலெட்சுமி தினம் வருவாள். அவள் சின்னராசாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அந்த முறையில் மீனம்மா அவளுக்கு மைனி.

"என்னா மைனி, இன்னிக்கு ஒன் ஆஸ்பத்திரியில கூட்டம் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள்.

"ஒனக்கு என்னா வருத்தம்டி இன்னிக்கு?" நோயைத் தோட்டத்தில் வருத்தம் என்றுதான் சொல்வார்கள்.

"வருத்தமா? ஒன் தேத்தண்ணிய குடிச்சா வந்துரும். அதுக்கு முன்னாடி ஒரு மாத்திர குடுத்து வையி."

இப்படி இருந்த நாளில்தான் பஜாருக்கு மேலே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேர் கௌசி. முன்பிருந்த டாக்டர் ஏதும் கேட்காமலே கலர் மாத்திரை எழுதிவிடுவார். சனமும் சந்தோசமாக வாங்கி வரும். இந்தப் பிள்ளை தொண்டையைப் பார்க்கும், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும், பிறகு, "அம்மா, இது சும்மா தடிமன். தன்ர பாட்டிலை மாறும். சுடுதண்ணி குடியுங்கோ, ஆவி பிடியுங்கோ. மூண்டு நாளிலை குறையாட்டி, மூச்சு இழுத்தால், உடனை வாங்கோ" என்று வெள்ளை மாத்திரையோடு அனுப்பிவிடும்.

மழையில் நனைந்து, அரைநாள் சம்பளப் பேரை விட்டு, பஸ்ஸுக்கு நின்று போனவர்களுக்கு எப்படி இருக்கும்? நாகலெட்சுமி வந்து மீனம்மா வீட்டில் பையை வீசினாள். "சுடுதண்ணி குடிக்கணுமாம் மைனி! அத எங்க வீட்டுல குடிக்க மாட்டனா? இதுக்கு ஒரு படிப்பு, ஒரு வெள்ளக் கோட்டு!"

"விடுடி. அது டாக்டர் மிஸ் இல்ல, சுடுதண்ணி மிஸ்" என்றாள் மீனம்மா.

அந்தப் பேர் ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கீழ்க்கணக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் மீனம்மாவைத் தேடி வந்தார்கள். அவள் மகனுக்குப் போன் எடுத்து, "எல்லாக் கலரும் முடிஞ்சிருச்சுப்பா" என்று சொன்னபோது குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்த வருசம் போல அவள் வீட்டில் என்றைக்கும் சனம் இருந்ததில்லை.

வெளியே சொல்லாத ஒரு வருத்தம் மட்டும் அவளுக்கு இருந்தது. மலையில் பொம்பளைகளுக்கு ஒதுங்க இடமில்லை. காலையிலிருந்து கொழுந்து நிறுக்கிற நேரம்வரை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்கவேண்டி வருமென்று தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். அதனால் மூத்திரக் கடுப்பு வரும். வந்தால் மீனம்மா தன் டின்னிலிருந்தே ஏதாவது ஒரு கலரை இரண்டு நாள் போடுவாள். குறையும். விடுவாள். திரும்ப வரும். வேறு கலர் போடுவாள். வருசக்கணக்காக இப்படியே.

இந்த முறை எந்தக் கலருக்கும் குறையவில்லை. இடுப்பில் வலி ஏறியது. கடைசியில், யாருக்கும் சொல்லாமல், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சுடுதண்ணி மிஸ்ஸிடமே போனாள். கௌசி மூத்திரம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு அனுப்பினாள். பிறகு கூப்பிட்டு முன்னால் இருத்தி வைத்துச் சொன்னாள்:

"அம்மா, ரிசல்ட் வந்திட்டுது. எல்லா மாத்திரைக்கும் பழகிட்டுது. இனி இஞ்ச செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. நுவரெலியாவுக்கு எழுதித் தாறன், இண்டைக்கே போங்கோ."

வெளியே அடுத்த ஆள் மயங்கி விழுந்த சத்தம் கேட்டதால் டாக்டர் எழுதிய துண்டைக் கையில் திணித்துவிட்டு எழுந்து ஓடினாள். மீனம்மா துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மனம் லேசாக இருந்தது. எல்லா மாத்திரைக்கும் பழகிவிட்டதாம்!

பழகுவது என்றால் தோட்டத்துப் பேச்சில் நல்லது. புதுக் கத்தி கையைக் கிழிக்கும். பழகிய கத்தி சொன்னபடி கேட்கும். புதுச் சட்டியில் சோறு அடிப்பிடிக்கும்; பழகிய சட்டியில் பிடிக்காது. மருந்தும் அப்படித்தான்: உடம்புக்குப் பழகின மருந்துதான் கேட்கும் என்று அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். இந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையே இப்போது அதைச் சொல்லிவிட்டது. இங்கே செய்ய ஒன்றுமில்லையாம். அப்புறம் நுவரெலியாவுக்கு என்னத்துக்கு? வீட்டுக்கு வந்தாள். டின்னைத் திறந்து, பழகின மாத்திரைதானே என்று சிவப்பு மஞ்சளில் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் மலையில், கொழுந்துக் கூடையோடு சேர்ந்து உடம்பு நடுங்கத் தொடங்கியது. வெயில் அடிக்கிற நேரத்தில் பல்லோடு பல் அடித்தது. நாகலெட்சுமியும் இன்னும் இரண்டு பொம்பளைகளும் தூக்கி லொறியில் கிடத்தினார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் கௌசி பார்த்த உடனேயே அம்புலன்ஸில் ஏற்றி, தானும் கூட ஏறிக்கொண்டாள்.

வளைவுகளில் வண்டி ஆடிக்கொண்டு போனது. கௌசி அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தபடி கேட்டாள்: "ஏனம்மா நேற்றே போகேல்லை? நான் சொன்னனான்தானே, பழகிட்டுது எண்டு."

"அதுதான் மிஸ்… நீங்கதானே சொன்னீங்க பழகிருச்சின்னு." மீனம்மாவுக்கு நாக்கு ஒட்டியது. "பழகிட்டா நல்லதுதானேன்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

கௌசி நாடியை விட்டு நிமிர்ந்தாள். முகம் சுருங்கிப்போனது. "ஐயோ அம்மா. பழகினது நீங்களில்லை. உங்கட உடம்பிலை இருக்கிற கிருமி. கொஞ்சக் கொஞ்சமா மருந்தைக் குடுத்துக் குடுத்து அதுக்குப் பயம் தெளிஞ்சு போச்சு. இப்ப எந்த மாத்திரையைப் போட்டாலும் அது சாகாது. நான் அதை விளங்கச் சொல்லியிருக்கோணும்."

காய்ச்சல் மயக்கத்திலும் அது மீனம்மாவுக்குச் சட்டென்று விளங்கியது. "கண்டாக்கையா ஏசுற மாதிரியா மிஸ்?"

"என்னம்மா?"

"புதுசா மலைக்கி வர்ற புள்ள, கண்டாக்கையா ஒரு சத்தம் போட்டா நடுங்கிப்போயி கொழுந்தெல்லாம் கொட்டிப்புடும். நாள்பட்டா அவரு கழுத்து நரம்பு புடைக்கக் கத்துனாலும் இது பாட்டுக்கு வெத்தலையப் போட்டுக்கிட்டு நிக்கும். பழகிரும்."

கௌசி சிரித்துவிட்டாள். பிறகு, "ஓமம்மா. அதேதான்" என்றாள். மீனம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நுவரெலியாவில் அவளை வார்ட்டின் ஓரத்துக் கட்டிலில் போட்டார்கள். அந்தக் கிருமி மற்றவர்களுக்குத் தொற்றக் கூடாதென்று, தொடுகிற நர்ஸ்மார் ஒவ்வொரு தடவையும் கையுறை மாட்டினார்கள். கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். இதுவும் கேட்காவிட்டால் அப்புறம் பெரிதாக வேறொன்றும் இல்லை என்று பெரிய டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அவள் விளங்கிக்கொண்டாள். பார்க்க வருகிற நேரத்தில் மற்றக் கட்டில்களில் சனம் மொய்க்கும். சோற்றுப் பார்சல் வாசம் வரும். நாகலெட்சுமி ஒரு தரம் வந்து போனாள். தினம் வரப் பஸ்ஸும் இல்லை, பேரையும் விட முடியாது.

நிரஞ்சன் போன் எடுத்தான். "லீவு குடுக்க மாட்டேங்கிறாங்கம்மா. எந்தக் கலரு எடுத்த நீ? அதவிட ஸ்ட்ரோங்கா ஒண்ணு இருக்கு, அனுப்பவா?"

"வேணாம்ப்பா. இங்க ஊசி போடுறாங்க."

"சரி. வேற என்ன வேணும்?"

அவளுக்கு ஒரு பதில் தெரியும். வாயில் வரவில்லை. "ஒண்ணும் வேணாம்" என்றாள்.

ஓரத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்த முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அழகுமுத்துவின் மருமகள், அவள் கைக்குழந்தை. துறட்டி வீரன் வீட்டுப் பிள்ளைகள், வரிசையாக மூக்கு ஒழுகிக்கொண்டு. புண்ணுக்குத் தூள் பூசிய கால்கள். எல்லாரும் அவளை அக்கா, அத்தை, மைனி, சின்னம்மா என்று கூப்பிட்ட சனம். அந்த உடம்புகளுக்குள்ளே எல்லாம் கண்டாக்கையாவுக்குப் பயப்படாத ஒரு கூட்டத்தை வளர்த்து விட்டுவிட்டோமோ? அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு நாளைக்கு நிரஞ்சனுக்கு வந்ததைப் போல வந்தால், கேட்கிற மருந்துக்கு எங்கே போவது? கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

ஊசி மருந்து கேட்டது. கன்னம் ஒட்டிப்போய் வீடு வந்தாள். நடக்கத் தெம்பு வந்ததும் முதல் வேலையாக டின்னைத் தூக்கிக்கொண்டு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். வடிகாலான கானில் கொட்டினால் தண்ணீரோடு போய்விடும், அதுவும் கூடாது என்று கௌசி சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் ஆளே இல்லை. கௌசி டின்னைத் திறந்து பார்த்தாள். எல்லாக் கலரும் பூப்போலக் கிடந்தன. அவள் ஏசவில்லை.

"இனி உங்களிட்டை ஆர் வரப்போயினம் அம்மா?" என்று கேட்டாள்.

 அதே கேள்விதான் மீனம்மாவையும் வழி முழுக்க அரித்துக்கொண்டு வந்தது.

"என்னட்டையும் கனபேர் வாறேல்லை. சுடுதண்ணி மிஸ் எண்டு பேராம். ஆர் வைச்சதெண்டு தெரியேல்லை. வடிவான பேர்தான்" என்று சொல்லி அந்தப் பிள்ளை சிரித்தது.

மீனம்மா வெற்று டின்னை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "போயிட்டு வாறேன் மிஸ்" என்று திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் சனம் வந்தது. இல்லையென்றாள். "முடிஞ்சிருச்சா? எப்ப வரும்?" என்று கேட்டுப் போனார்கள். திரும்ப வந்தார்கள். இனி இல்லவே இல்லை என்று சொல்லத் தைரியம் வராமல், "வரல, வரல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் அந்தச் சாக்கிலாவது ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் நாகலெட்சுமியின் மகள் நிஷாந்தி லீவுக்கு வந்தாள். கொழும்புப் பக்கம் துணி தைக்கிற கார்மென்டில் வேலை செய்கிறவள், நிரஞ்சனுக்கு முறைப்பெண். மீனம்மாவுக்கு அந்தப் பிள்ளைமீது வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஆசை உண்டு. வந்தவள் கையில் நிரஞ்சனின் பார்சல். மூக்கு சிவந்து, தொண்டை கட்டி, தும்மிக்கொண்டே வந்தாள்.

"அத்தே, இந்தாங்க. ஒங்க மகன் பஸ் ஸ்டாண்டுல வந்து குடுத்தாரு. எல்லாரு முன்னாடியும் வச்சி, 'அம்மாகிட்ட பத்திரமா குடு'ன்னு பத்துவாட்டி சொல்றாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"முறைப்பையன் குடுத்தா வெக்கமா இல்லாம என்னாடி?" என்று நாகலெட்சுமி மகளை இடித்தாள். பிறகு மீனம்மாவின் பக்கம் திரும்பி, "மைனி, மொதல்ல இதுக்கு நாலு மாத்திர எடு. திங்கக்கிழம வேலைக்கி நிக்கணும்" என்றாள்.

மீனம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகன் போட்ட முடிச்சு விரலுக்குக் கீழே தட்டுப்பட்டது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். லேசான சூடு. மூச்சு ஒழுங்காக வந்தது.

"நாகு, இது தடிமன்டி. தன்னால போயிரும். இந்த மாத்திர இதுக்கு வேணாம்."

"என்னா மைனி, நீயும் சுடுதண்ணிக் கட்சியில சேந்துட்டியா?"

"கேளுடி. சும்மா சும்மா போட்டா கிருமிக்குப் பழகிரும்."

"பழகட்டுமே. பழகுனா நல்லதுதானே?"

 மீனம்மா அன்று நினைத்த அதே நினைப்பு, இன்னொரு வாயில். கண்டாக்கையா கதையைச் சொன்னாள். நாகலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமா மைனி, நம்ம கண்டாக்கு அப்படித்தான்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப மாத்திரையக் குடு" என்றாள்.

"இல்லடி. மூணு நாள் பாப்போம். மூச்சு வாங்குனா, காய்ச்சல் ஏறுனா நானே இவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். ராவும் பகலும் பக்கத்துல குந்தியிருக்கேன். மாத்திர மட்டும் கேக்காத."

நாகலெட்சுமியின் முகம் மாறியது. "என் மக மலையேறித் தூக்கிட்டு வந்த மாத்திரைய என் மகளுக்கே குடுக்க மாட்டியா?"

"நாகு…"

"ஒனக்கு வந்தப்ப ஊசி, மருந்து, அம்புலன்ஸு. எங்களுக்கு மட்டும் சுடுதண்ணி. இல்ல? ஒன்னத் தூக்கி லொறியில போட்டது யாரு? வாடி நிஷாந்தி. அத்தையாம் அத்தை."

"அம்மா, விடும்மா" என்றாள் நிஷாந்தி. ஆனால் அவளும் எழுந்துவிட்டாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மீனம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கொடுக்க வேண்டும்.

நிஷாந்தி பஜாரில் ஒரு கடையில் கலர் மாத்திரை வாங்கிப் போட்டாள். இரண்டு மூன்று நாளில் தடிமன் போய்விட்டது. போடாவிட்டாலும் போயிருக்கும். "பாத்தியா, மாத்திர கேட்டுச்சு" என்று நாகலெட்சுமி லயத்துப் பைப்படியில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். தன் வரிசைக்குக் குடத்தோடு நின்ற மீனம்மாவுக்குப் பதில் தெரியும். அதை நிரூபிக்க வழியில்லை. குடம் நிரம்பியது; தூக்கிக்கொண்டு வந்தாள்.

பார்சலை முடிச்சவிழ்க்காமலே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். அந்தக் கிழமையே நிரஞ்சன் போன் எடுத்தான். நிஷாந்தி சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, நாலு மாத்திர குடுத்தா என்ன கொறஞ்சி போயிரும்? அந்தப் புள்ள என்ன நெனைக்கும்? ஒனக்குன்னுதானே நான் மொதலாளிகிட்டக் கேட்டு வாங்கி அனுப்புறேன்?"

"தெரியும்ப்பா."

"அப்ப?"

"இனி அனுப்பாத நிரஞ்சன்." அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "இங்க உள்ள புள்ளைகளுக்கு நாளைக்கி ஒண்ணுன்னா மருந்து கேக்கணும். ஒனக்குக் கேட்ட மாதிரி. நீயும் அங்க, டாக்டர் துண்டு இல்லாம வந்து கேக்குறவங்களுக்குக் குடுக்காதப்பா."

 "சரி" என்றான். அப்பனின் சரி. போன் வைக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் போன் வரவில்லை. கலர் கேட்க வேண்டியதில்லை என்றால் எதற்கு எடுப்பான்? கதவைத் தட்டுகிறவர்களும் நின்றுபோனார்கள். அவள் மாத்திரையைப் பதுக்கி விற்கிறாள் என்று ஒரு பேச்சு; ஆஸ்பத்திரியில் டாக்டரோடு சேர்ந்துகொண்டு பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று ஒரு பேச்சு. மலையில் நாகலெட்சுமி வேறு நிரையில் போய் நின்றுகொண்டாள். கண்டாக்கையாவைப் போல யாரோ பேசிக் காட்டிச் சிரிப்பது கேட்கும். மீனம்மாவின் கை மட்டும் கொழுந்தில் ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் போனை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே எடுத்தாள். சுகமில்லாமலோ மாத்திரைக்காகவோ இல்லாமல் மகனுக்கு அவள் போன் எடுப்பது இதுதான் முதல் தடவை.

"என்னம்மா, என்ன வருத்தம்?" என்றான் அவன், பதறிக்கொண்டு.

"வருத்தம் ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான் எடுத்தேன்."

"சும்மாவா?"

"ம்."

 அவன் வைத்துவிடுவானோ என்று அவள் பயந்தாள். கண்ணில் பட்டதைச் சொன்னாள்: "இங்க நல்ல மழ. கான் ரொம்பி வாசல் வரைக்கும் தண்ணி நிக்குது."

"இங்க வெயிலு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கூரைத் தகரம் ஒழுகுதா?" என்று கேட்டான்.

"அடுப்படிப் பக்கம் ஒழுகுது. சட்டி வச்சிருக்கேன்."

"எந்தப் பக்கம்? ஜன்னலுக்கு மேலயா?"

"அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"ம்" என்றான். கடையில் யாரோ கூப்பிட்டார்கள். "ஆள் நிக்குதும்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

மீனம்மா போனைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். சட்டி நிரம்பிவிட்டது. எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, ஒழுகுகிற இடத்துக்கு நேராக, ஜன்னலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், திரும்பவும் வைத்தாள்.